வயிற்றில் பதினாறு மோட்டார்

மூன்றாவது பெல்ட் வேலை செய்கிறது. முதல் இரண்டும் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. அவற்றிலிருந்து பிரித்தெடுத்த மோட்டார்களில்தான் இது ஓடுகிறது. எங்கெங்கே சறுக்கினேன் என்பதைச் சூட்டோடு சூடாக எழுதி வைத்துவிட வேண்டும். இன்னும் மூன்று மாதம் போனால், எல்லாவற்றையும் முதலிலேயே யோசித்துச் செய்ததுபோல எனக்கே தோன்ற ஆரம்பித்துவிடும்.

செய்ய நினைத்தது இதுதான்: கண் தெரியாத ஒருவருக்கு முன்னால் என்ன இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தோலில் அதிர்வாகக் காட்டும் ஒரு கருவி. எதிர் வீட்டு அண்ணனுக்காக. பதினொரு வயதில் பார்வை போனவர், நிரல் எழுதுவது தொழில். அவருடைய திரைவாசிப்பான் பேசும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே என்னோடும் பேசுவார். என் கோடில் இருந்த இரண்டு பெரிய பிழைகளைப் பிடித்ததும் அவர்தான். அதனால் இதை 'நான் அவருக்குச் செய்து கொடுத்தது' என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

முதலில் இறங்கியது ஒலியில். மோட்டார் வேண்டாம், சால்டரிங் வேண்டாம், மடிக்கணினியும் ஹெட்ஃபோனும் போதும் என்ற சோம்பல்தான் காரணம். முன்மாதிரியும் கையில் இருந்தது. படத்தை ஒலியாக மாற்ற, பீட்டர் மெய்யர் என்ற பொறியாளர் 1992-இல் வெளியிட்ட முறை அது. படத்தை 64×64 புள்ளிகளாகச் சுருக்க வேண்டும். இடமிருந்து வலமாக ஒவ்வொரு நெடுவரிசையாக, மொத்தம் சுமார் ஒரு நொடியில் வருடிக்கொண்டு போக வேண்டும். மேலே உள்ள புள்ளி கீச்சுக் குரலில் ஒலிக்கும், கீழே உள்ளது கட்டைக் குரலில். வெளிச்சம் கூடினால் சத்தம் கூடும். 500 ஹெர்ட்ஸிலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை 64 சுருதிகளை அடுக்கி, பைத்தானில் ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டேன்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நானே கேட்டுப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் வரைந்த சாய்கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அரை மணி நேரத்தில் காதுக்குப் பழகிவிட்டது. வட்டம் கொஞ்சம் கஷ்டம், ஆனாலும் வந்தது. கேமராவை அறைப்பக்கம் திருப்பியதும் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல ஒரே இரைச்சல். பழகப் பழகச் சரியாகும் என்று தெரியும். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து இதில் தேறியவர்கள் இருக்கிறார்கள்.

அண்ணன் இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கண்ணைக் குடுக்கிறேன்னு சொல்லிட்டு என் காதைப் புடுங்கிட்டியே. ஜன்னல் திறந்திருக்கா, நீ நிக்கிறியா உட்கார்ந்திருக்கியா, எதிர்ல சுவர் கிட்ட இருக்கா தள்ளி இருக்கா, எல்லாம் எனக்குக் காதுல வர்ற சங்கதி."

இரண்டு வார வேலை அங்கேயே முடிந்தது. வேலையை ஆரம்பிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு வாரமும் மிச்சம்.

அடுத்தது தொடுகை. இந்தத் துறையில் எல்லோரும் போய் நிற்கும் இடம் பால் பாக்-இ-ரீட்டா என்ற நரம்பியல் ஆய்வாளர் 1969-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை. பல் மருத்துவரின் நாற்காலி ஒன்றின் முதுகுப் பலகையில் 20 வரிசை, வரிசைக்கு 20 என்று 400 அதிர்வு முனைகள், ஒன்றுக்கொன்று 12 மி.மீ. இடைவெளி. ஒரு தொலைக்காட்சிக் கேமரா பார்ப்பதை நாற்காலி உட்கார்ந்திருப்பவரின் முதுகில் வரையும். கட்டுரையையும் அந்தக் குழு எழுதிய வேறு சிலவற்றையும் அச்செடுத்துச் சில வரிகளுக்கு அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். அடிக்கோடு போட்ட வரிகளுக்குப் பிறகு வருகிறேன்.

400 முனை எனக்குக் கட்டுப்படியாகாது. எத்தனை வைத்தால் தோலுக்குப் புரியும் என்று அளந்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நினைத்தேன். ஜியாமெட்ரி பெட்டி டிவைடரின் இரண்டு முனைகளையும் அரத்தால் மழுக்கி, ஒரே நேரத்தில் இரண்டையும் தோலில் வைத்து, 'ஒண்ணா, ரெண்டா?' என்று கேட்க வேண்டும். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து 'ஒண்ணு' என்று பதில் வரும் இடத்தை ஸ்கேலில் குறித்துக்கொள்ளலாம். விரல் நுனியில் எனக்கு 2.5 மி.மீ. வந்தது. பிரெயில் படிக்கும் அண்ணனின் ஆள்காட்டி விரலில் 1.5 மி.மீ.க்கும் கீழே போய்விட்டது; அதற்குமேல் அந்த டிவைடரை வைத்துக்கொண்டு அளக்க முடியவில்லை. முதுகில் இருவருக்குமே 40 மி.மீ.க்கு மேல். வயிற்றில் 35.

அப்படியானால் விரல் நுனியிலேயே வைக்கலாமே என்று தோன்றும். 1970-களின் ஆப்டகான் என்ற வாசிப்புக் கருவி அதைத்தான் செய்தது: 144 சின்னஞ்சிறு ஊசிகள், அவற்றின் மேல் ஒரு விரல், அச்சடித்த எழுத்தின் வடிவம் அப்படியே விரலுக்கடியில் அதிரும். அண்ணனிடம் சொன்னேன். "ஒரு கையில கோலு, ஒரு கையில பை. விரலுக்கு எங்க போறது?" என்றார். வயிறுதான் சும்மா இருக்கிறது என்று முடிவானது. 28 செ.மீ. அகலத்தை 3.5-ஆல் வகுத்தால் 8 நெடுவரிசை. உயரத்துக்கு 4 வரிசை. மொத்தம் 32 மோட்டார்.

இந்த வகுத்தல் கணக்குதான் என் முதல் பெரிய தப்பு. அவர்கள் முதுகில் 12 மி.மீ. இடைவெளியில் முனைகளை வைத்து வேலை நடத்தியிருக்கிறார்கள். டிவைடர் கணக்குப்படி அது நடந்திருக்கவே கூடாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

பாகங்கள்: கைபேசிகளில் இருக்கும் காசு வடிவ அதிர்வு மோட்டார்கள், 10 மி.மீ. விட்டம், 3 வோல்ட், ஒன்றுக்குச் சுமார் 80 மில்லி ஆம்பியர். உடையும் என்று தெரிந்து 50 வாங்கினேன். எல்லாவற்றையும் இயக்கும் குட்டிக் கணினியாக இஎஸ்பி32 போர்டு ஒன்று. 16 வழிகளுக்குத் தனித்தனியாகத் துடிப்பகலம் (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கொடுக்கும் பிசிஏ9685 போர்டு இரண்டு. அந்த சிக்னலை மோட்டார் தாங்கும் மின்னோட்டமாக மாற்ற, எட்டு வழி யூஎல்என்2803 சிப் நான்கு. கடைசியில் வாங்கிய தொலைவு சென்சார் ஒன்று மட்டும் ஐம்பது மோட்டார் சேர்ந்த விலை.

முதல் பெல்ட்டில் மோட்டார்களை 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஒரு மோட்டாரை ஓட்டினால் தகடு முழுக்க ரீங்கரித்தது. எந்த மோட்டார் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும், வயிற்றால் தெரியவில்லை. கெட்டியான எதிலும் இந்த மோட்டார்களை ஒட்டக்கூடாது. தகட்டிலிருந்து நெம்பி எடுத்ததில் ஐந்து மோட்டார்களின் வயர் அடியோடு பிய்ந்து வந்தது. அந்த வயர் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மறுபடி சால்டர் வைக்க அங்கே இடமே கிடையாது.

இரண்டாவது பெல்ட்டுக்கு 10 மி.மீ. ஃபோம் ஷீட்டில் வட்ட ஓட்டைகள் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டாரை உட்காரவைத்தேன். தோல் பக்கம் இழுபடும் துணி, வெளிப்பக்கம் வெல்க்ரோ. வயர் மோட்டாரை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சொட்டு ஹாட் க்ளூ. அந்தச் சொட்டு வைக்க ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு வயர்தான் அறுந்தது. 64 சால்டர் இணைப்புக்கு இரண்டு மாலை போயிற்று.

மின்சாரத்தில் மூன்று கூத்து நடந்தது. மோட்டார் 3 வோல்ட் தானே என்று 3.3 வோல்ட் கொடுத்தேன். யூஎல்என்2803 தன் பங்குக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட்டைச் சாப்பிட்டுவிடும் என்பதை மறந்துபோனேன். மோட்டாருக்குக் கிடைத்தது 2.3. அது கிளம்புமா கிளம்பாதா என்கிற விளிம்பு. சில மோட்டார்கள் விரலால் சுண்டிவிட்டால்தான் சுற்றின. 5 வோல்ட்டுக்கு மாற்றி, துடிப்பகலத்தை 75 சதவீதத்துக்கு மேல் போகாமல் கோடில் பூட்டு போட்டேன்.

அடுத்தது அந்த சிப்பின் பத்தாவது கால். மோட்டாரை நிறுத்தும்போது எழும் எதிர்மின்னழுத்தத்தை வடியவிடும் டையோடுகள் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன, ஆனால் அந்தக் காலை மோட்டாரின் பாசிட்டிவ் மின்சாரத்தோடு இணைத்தால்தான் அவை வேலை செய்யும். நான் அதை அந்தரத்தில் விட்டிருந்தேன். ஒரு சிப் போனது.

மூன்றாவது: எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் 2.5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மின்னழுத்தம் சரிந்து இஎஸ்பி32 தன்னைத்தானே அணைத்து எழும். சுவர்ப் பக்கம் திரும்பினால் பெல்ட் செத்துப்போகும் என்பது ஒரு வழிகாட்டிக் கருவிக்கு அழகில்லை. மோட்டார்களுக்குத் தனி பவர் பேங்க், கிரவுண்ட் மட்டும் பொது, மோட்டார் பக்கம் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு நேரத்தில் பன்னிரண்டுக்கு மேல் ஓடக்கூடாது என்று கோடில் ஒரு வரம்பு. அதோடு சரியானது.

சரியானது என்று நான் நினைத்தேன். மறுநாள் அண்ணன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தார், நாற்காலியில் முட்டிக்கொண்டார். பெல்ட் ஒன்றும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தால், அதற்கு முந்தைய ஒரு நிமிடம் எதிரில் எதுவும் இல்லாததால் மோட்டார்கள் சும்மா இருந்திருக்கின்றன. யாரும் மின்சாரம் எடுக்கவில்லை என்று பவர் பேங்க் தூங்கப் போய்விட்டது. கண் தெரிந்தவனுக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். விளக்கு அணைந்திருப்பதை நான் பார்த்துவிடுவேன். அவருக்கோ 'எதிரில் ஒன்றுமில்லை' என்பதற்கும் 'கருவி செத்துவிட்டது' என்பதற்கும் தோலில் ஒரு வித்தியாசமும் இல்லை. "அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை இடுப்போரத்துல ஒரு தட்டு தட்டச் சொல்லு. தட்டு வரலைன்னா நான் நின்னுக்கிறேன்" என்றார். ஆறு வரி கோடு. மொத்தக் கருவியிலும் உருப்படியான யோசனை அதுதான், அது என்னுடையது இல்லை. பவர் பேங்க்கைத் தூங்கவிடாமல் இருக்க ஒரு 47 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டேன். கால் வாட் ரெசிஸ்டர் போட்டதால் அரை மணி நேரத்தில் கருகிய வாடை வந்தது. கடைசியில் இரண்டு லித்தியம் செல்களும், மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு பக் கன்வெர்ட்டரும் வைத்துப் பவர் பேங்க்கையே தூக்கிவிட்டேன்.

பெல்ட்டுக்கு எதைக் காட்டுவது என்பதிலும் ஒரு மாதம் வீணானது. முதலில் கேமரா. வெளிச்சமான இடம் அதிரட்டும் என்று வைத்தால் ஜன்னலும் விளக்கும் தவிர வேறெதுவும் வரவில்லை. சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிற நாற்காலி காணாமல் போனது. விளிம்புகளை மட்டும் எடுத்துக் காட்டினால் புத்தக அலமாரி ஒன்றுக்கே வயிறு முழுக்கத் துடித்தது. மோட்டார் 32 இருக்கும் இடத்தில் கேமராவுக்கு வேலை இல்லை. தொலைவு சென்சாருக்கு மாறினேன்: அகச்சிவப்புக் கதிரை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை வைத்து 8×8 மண்டலங்களின் தொலைவைச் சொல்லும், 4 மீட்டர் வரை, நொடிக்கு 15 முறை, குறுக்குவாட்டில் 45 பாகை. இரண்டிரண்டு வரிசைகளைச் சேர்த்தால் 8×4. என் 32 மோட்டாருக்குப் பொருத்தம். அருகில் இருந்தால் பலமாக, தள்ளி இருந்தால் மெதுவாக.

முதல் நாளே வலது பக்கம் கதவு நிலை இருக்கும்போது அவர் இன்னும் வலது பக்கமே ஒதுங்கித் தோளில் இடித்துக்கொண்டார். சென்சாரின் லென்ஸ் காட்சியை இடவலமாகவும் தலைகீழாகவும் திருப்பிக் கொடுக்கிறது. தரவுத்தாளில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நான் சோதித்ததெல்லாம் கையை நடுவில் நீட்டி. நடுவில் நீட்டினால் எப்படித் திருப்பினாலும் நடுவில்தான் தெரியும். சோதனைக்கு எப்போதும் ஒரு மூலையில் நிற்கும் பொருளை எடுக்க வேண்டும்.

அடுத்த தொல்லை தரை. நெஞ்சில் மாட்டிய சென்சாரின் கீழ்வரிசை எப்போதும் தரையைப் பார்த்தது, பெல்ட்டின் கீழ்வரிசை ஓயாமல் அதிர்ந்தது. இரண்டு நிமிடத்தில் அந்த இடம் மரத்துப்போய்விடும், பிறகு உண்மையிலேயே ஏதாவது வந்தாலும் தெரியாது. மூச்சை வெளியே விட்டால் வயிறு உள்வாங்கி அந்த வரிசை தோலை விட்டே விலகும். தரையைக் கணக்குப் போட்டுக் கழிக்க நான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அண்ணன் கேட்டார்: "தரையை எதுக்குப் பாக்கணும்? அது கோலோட வேலை. கோலுக்குத் தெரியாதது இடுப்புக்கு மேலதான். பாதி திறந்த கதவு இருக்கு பாரு, கோலு அதுக்கு அந்தப் பக்கம் போயிடும், மூக்கு இந்தப் பக்கம் இடிக்கும்." சென்சாரை மேல்நோக்கிச் சாய்த்தேன். ஒன்றரை மீட்டருக்கு அப்பால் இருப்பதைக் காட்டாமல் விட்டேன். தொடர்ந்து அதிராமல் விட்டுவிட்டுத் துடிக்கும்படி மாற்றினேன். மரத்துப்போவது நின்றது.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு சோதனை வைத்தோம். அவர் உட்கார்ந்திருப்பார், ஒரு மீட்டர் தள்ளி, நெஞ்சு உயர மேசை மேல் நிமிர்த்திய கம்பு, பெரிய அட்டைப்பெட்டி, கவிழ்த்த நாற்காலி மூன்றில் ஒன்றை நான் வைப்பேன். எது என்று சொல்ல வேண்டும். 24 முறையில் 9 சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலே 8 வரும்.

அன்று ராத்திரி எனக்குத் தோன்றிய தீர்வு இன்னும் நிறைய மோட்டார். 8×8 ஆக 64. வரைபடம்கூடப் போட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுப்பட்டையின் கொக்கி உடைந்தது. சென்சார் வயரில் தொங்கியது. நான் கொக்கியை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் சும்மா இருக்காமல் சென்சாரைக் கையில் பிடித்து டார்ச் அடிப்பதுபோல அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டிருந்தார். வலமிருந்து இடம். நிறுத்தினார். கொஞ்சம் திரும்பினார். மேலிருந்து கீழ். பசையோடு நான் திரும்பி வந்தபோது கூடத்துக் கதவுப் பக்கம் கையை நீட்டி, "அது முழுசா மூடலையே" என்றார்.

அதுவரை அவர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். பக்கம் பக்கமாக ஒரே மாதிரி: 'வலது மேல ரெண்டு துடிக்குது', 'நடுவுல ஏதோ ஓடுது', 'இடது ஓரம் மட்டும்'. எல்லாம் வயிற்றைப் பற்றிய பேச்சு. அன்று மாலை எழுதியவை: 'கதவு முழுசா மூடலை', 'மேசை மேல ஏதோ நிக்குது, ஒல்லியா', 'நீ நகந்துட்ட'. ஒன்றில்கூட வயிறு இல்லை. நான் இதை அவரிடம் வாசித்துக் காட்டியபோது அவருக்கே ஆச்சரியம். அவர் கவனித்து மாற்றிக்கொண்ட ஒன்றல்ல அது.

அதே மூன்று பொருள், சென்சார் கையில். 24-க்கு 19.

அடிக்கோடு போட்ட வரிகள் இப்போது. கேமராவை வேறொருவர் இயக்கினால் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகில் கூச்சம் மட்டும்தான். தானே கேமராவைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பொருள் 'அங்கே' இருப்பதாகத் தெரிகிறது என்று பாக்-இ-ரீட்டா குழு அறுபதுகளிலேயே கண்டிருந்தது. பழகிய ஒருவருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் லென்ஸை ஸூம் செய்தபோது, அவர் எதிரே ஏதோ பாய்ந்து வருவதுபோலக் கைகளை உயர்த்திப் பின்னுக்குச் சாய்ந்தாராம். அதிர்வு வந்ததோ முதுகுப் பக்கம். இதைப் படித்து, ரசித்து, அடிக்கோடு போட்டு, பிறகு சென்சாரை நெஞ்சில் இறுக்கிக் கட்டி, ஆளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டேன். அதைத் தத்துவம் என்று நினைத்தேன். அது வயரிங் குறிப்பு.

கையில் பிடித்ததும் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. வேகமாக வீசினால் கம்பு உண்மையான இடத்தைத் தாண்டித் தெரிகிறது என்றார். தாமதம். அளக்க இப்படிச் செய்தேன்: ஒரு மோட்டாரை வெளியே எடுத்து அதன் மேல் ஒரு மெல்லிய தாள் துண்டை ஒட்டினேன். சென்சாருக்கு முன் ஒரு புத்தகத்தைச் சட்டென்று நுழைத்து, இரண்டையும் கைபேசியின் ஸ்லோ மோஷனில், நொடிக்கு 240 சட்டகம், பிடித்தேன். புத்தகம் நுழைந்த சட்டகத்திலிருந்து தாளின் ஓரம் மங்கலாகும் சட்டகம் வரை எண்ணினால் 41. அதாவது 170 மில்லி நொடி. மோட்டாருக்குள் இருக்கும் சிறு எடை வேகம் பிடிக்கவே அதில் கணிசமான பங்கு. மீதி பெரும்பாலும் சென்சார். நொடிக்கு 15 முறை என்றால் ஒரு படத்துக்கு 66 மில்லி நொடி.

மோட்டாரைக் கிளப்பும்போது முதல் 40 மில்லி நொடிக்கு மட்டும் பூட்டைத் திறந்து முழு மின்சாரம் கொடுத்தேன், பிறகு வழக்கமான அளவு. உதை கொடுத்துக் கிளப்புவதுபோல. சென்சாருக்கு ஒரு வழி இருந்தது, அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை: மண்டலங்களை 4×4 ஆகக் குறைத்தால் அது நொடிக்கு 60 முறை அளக்கும். பதினாறே புள்ளி. ஒரு மீட்டர் தூரத்தில் 45 பாகை என்பது சுமார் 83 செ.மீ. அகலம், எட்டாகப் பிரித்தால் ஒரு கட்டம் 10 செ.மீ., நான்காகப் பிரித்தால் 21. இவ்வளவு பாடுபட்டு 32 வைத்துவிட்டுப் பாதியைப் பிடுங்குவதா?

இரண்டையும் சுவிட்சில் மாறும்படி வைத்து, எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கேட்டார்: "இந்த ரெண்டாவதுதானே புதுசு? இது கூடவே வருது. அது பின்னாடி வருது." ரெண்டாவதுதான் 4×4. அளந்து பார்த்தால் 22 சட்டகம், 92 மில்லி நொடி. கட்டம் பெரிதானது அவருக்குப் பிரச்சினையே இல்லை. கையை இம்மியளவு திருப்பினால் பொருளின் ஓரம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் இடம் கிடைத்துவிடுகிறது. ஓரம் எங்கே என்பது மணிக்கட்டுக்குத் தெரியும். டிவைடரை அசையாமல் வைத்து அளந்தவனுக்கு இது எப்படிக் கிடைக்கும்.

அப்படித்தான் மூன்றாவது பெல்ட். 16 மோட்டார், ஒரு பிசிஏ போர்டு, இரண்டு சிப். நெடுவரிசை இடைவெளி 6 செ.மீ. தைக்க ஒரே மாலை. எடை பாதியானது. 64 மோட்டார் வரைபடத்தின் பின்பக்கத்தில்தான் இப்போது வாங்க வேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறேன்.

ஒருநாள் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது அண்ணன் கேட்டார், கண்ணுக்குள்ளும் மூளையிலும் வைக்கிறார்களே, அதில் எத்தனை புள்ளி என்று. 1968-இல் பிரிண்ட்லி, லூவின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூளையின் பின்புறப் பார்வைப் பகுதி மேல் பொருத்தியதில் 80 மின்முனைகள். 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்கஸ் 2 விழித்திரைக் கருவியில் 60. அதன் கேமரா மூக்குக்கண்ணாடியில் இருக்கும், கருவிழியைத் திருப்பினால் படம் திரும்பாது. அதனால் தலையை ஆட்டி ஆட்டித் துழாவித்தான் அவர்கள் பார்க்கப் பழக வேண்டும். "அப்போ அவங்களும் டார்ச் அடிக்கிறவங்கதான்" என்றார். அதன் தயாரிப்பு 2019-இல் நின்றது, கண்ணுக்குள் வைத்துக்கொண்டவர்கள் பழுது பார்க்க ஆளில்லாமல் நின்றார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பெல்ட்டின் வெல்க்ரோவைப் பர்ரென்று பிரித்து, மறுபடி ஒட்டி, மறுபடி பிரித்துக் காட்டினார்.

பிரைமா என்ற இன்னொரு விழித்திரைக் கருவியில் 2 மி.மீ. சதுரச் சில்லில் 378 புள்ளிகள். விழித்திரையின் மையம் மட்டும் பழுதான வயதானவர்கள் அதைக் கொண்டு எழுத்துகளைப் படித்த முடிவுகள் 2025-இல் வந்தன. அது வேறு உலகம். என் பெல்ட்டால் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. 'கண் கொடுக்கும் பெல்ட்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அது செய்யாதவற்றையும் எழுதிவிடுகிறேன். சுத்தமான கண்ணாடிக் கதவு அதற்குத் தெரியாது. கதிர் உள்ளே போய் அப்பால் இருக்கும் சுவரைச் சொல்லும். நேர் வெயிலில் எட்டும் தூரம் பாதிக்கும் கீழே குறையும், அதனால் இதுவரை வீட்டுக்குள் மட்டும்தான். கோல் எப்போதும் கையில் இருக்கும். 24 முறை, ஒரே ஆள், பொருளை வைப்பவன் நானே. நான் மூச்சு விடும் சத்தத்தை வைத்தே அவர் பாதி சொல்லியிருக்கலாம் என்பதும் உண்டு. (கேட்டேன். "இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.)

அடுத்த முறை மாற்ற வேண்டியவை. இந்தக் காசு மோட்டாரில் வேகத்தைக் கூட்டினால் அதிர்வின் பலமும் சேர்ந்து கூடும், இரண்டையும் பிரிக்க முடியாது. நேர்க்கோட்டில் அசையும் வகை மோட்டார் கிளம்பவும் நிற்கவும் இதைவிடச் சுறுசுறுப்பு. பதினாறு என்பதால் இப்போது அது கட்டுப்படியாகும். ஃபோமை 10 மி.மீ.க்குப் பதில் 15 ஆக்கினால் மூச்சோடு சேர்ந்து நெகிழ்ந்து கொடுக்கும். மோட்டார்த் துணியைத் துவைக்கக் கழற்ற முடியாமல் தைத்தது சுத்த முட்டாள்தனம், மூன்று வாரத்தில் வியர்வை நாற்றம். சென்சார் பெட்டியில் எது மேல்பக்கம் என்று தடவினால் தெரிய ஒரு மேடு வேண்டும். இப்போதைக்கு ஒரு தீக்குச்சியை ஒட்டியிருக்கிறேன்.

பெல்ட் இப்போது அண்ணன் வீட்டில். நேற்று ராத்திரி செய்தி அனுப்பியிருந்தார்: சென்சார் வயர் இன்னும் 20 செ.மீ. நீளம் வேண்டுமாம், அலமாரி மேல்தட்டு வரை கையை உயர்த்தினால் இழுக்கிறதாம். மேல்தட்டில் என்ன தேடினீர்கள் என்று கேட்டேன். "தேடல. சும்மா பாத்தேன்" என்று பதில் வந்தது.